ஜென்னுக்குள் எஸ்டீம் 1.3 என்ஜின்: எது பொருந்தும், எது உடையும்?

ஹலசூரு_ஜென்:
வணக்கம். வண்டி 2003 மாருதி ஜென், 993 சிசி, எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர் வழியாக பெட்ரோல் போகும் வகை), பெங்களூரு பதிவு. பாடியில் துரு இல்லை. என்ஜின் ஆயில் குடிக்குது. நாலு பேர் ஏறி ஏசி போட்டால், சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் இரண்டாவது கியரை விட்டு மேலே வர முடியலை. எப்படியும் என்ஜினை இறக்கணும், அப்போதே பெரிசாக ஒன்றை ஏற்றிடலாமா? எஸ்டீமின் 1.3, பழைய பெலினோ செடானின் 1.6, ஸ்விஃப்டின் கே-சீரிஸ் 1.2, மூன்றும் சிவாஜிநகரில் கிடைக்கும் என்கிறாங்க. எது அதிக வெட்டு ஒட்டு இல்லாமல் உட்காரும்? ஜென் கியர்பாக்ஸ் தாங்குமா? ஆர்டிஓ விஷயம் எப்படி?

ஸ்பேனர்_14:
மூன்றில் யோசிக்கத் தகுந்தது எஸ்டீமின் ஜி13பிபி மட்டும்தான். உங்க ஜென்னில் இருக்கும் ஜி10-ம் அதுவும் ஒரே ஜி-சீரிஸ்: அலுமினிய பிளாக், டைமிங் பெல்ட், பெல்ஹவுசிங் (என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் கூடு) துளைகளும் ஒத்துப்போகும். ஜென்னில் போர் (சிலிண்டரின் விட்டம்) 72 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 61. எஸ்டீமில் 74, 75.5. 60 பிஎச்பி இருந்த இடத்தில் 85 வரும், எடை பெரிதாக ஏறாது. கே-சீரிஸ் 1.2-ம் கிட்டத்தட்ட அதே 85தான். ஆனால் அது வேறு குடும்பம். செயின் டைமிங், மவுண்ட், கியர்பாக்ஸ், வயரிங் எல்லாமே வேறு. அவ்வளவு வேலை செய்தும் அதே பவரில்தான் வந்து நிற்பீங்க.

1.6-ஐ விட்டுடுங்க. அதுவும் ஜி-சீரிஸ்தான், ஆனால் ஸ்ட்ரோக் 90 மி.மீ., அதனால் பிளாக்கே உயரம். பானெட்டில் இடிக்காமல் இருக்கக் கீழே இறக்கினால் சம்ப் (அடியில் உள்ள ஆயில் தொட்டி) தரையை நெருங்கும். நம்ம ஊர் ஹம்ப்பில் சம்ப் அடிபட்டு ஆயில் இறங்கினால் பேரிங் போக ரொம்ப நேரம் ஆகாது. என்ஜின் தாழ்ந்தால் டிரைவ் ஷாஃப்ட் கோணமும் கெட்டு ஜாயின்ட் சீக்கிரம் தேயும். அவ்வளவு டார்க்கை (முறுக்குவிசை) ஜென் கியர்பாக்ஸ் மேல் சுமத்தவும் வேண்டாம்.

எஸ்டீம்தான் என்றாலும் என்ஜினை மட்டும் வாங்காதீங்க, முழு வண்டியாகப் பாருங்க. ஃப்ளைவீல், கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ஸ்டார்ட்டர் நான்கும் ஒரே வண்டியிலிருந்து வரணும். கலந்தால் ஸ்டார்ட்டர் பினியன் ரிங் கியரில் சரியாகக் கோக்காமல் பல்லைத் தின்னும். கியர்பாக்ஸையும் எஸ்டீமிலிருந்தே எடுங்க. ஜென் பாக்ஸ் பொருந்தும், முதலில் சுறுசுறுப்பாகவும் தெரியும். ஆனால் சின்ன என்ஜினுக்கு அமைத்த ரேஷியோவில் நெடுஞ்சாலையில் ஆர்பிஎம் தேவையில்லாமல் ஏறி நிற்கும், சின்க்ரோக்களும் (கியர் மாறும்போது வேகத்தைச் சமன் செய்யும் வளையங்கள்) சீக்கிரம் தேயும்.

வேலை உண்மையில் மாட்டிக்கொள்வது டிரைவ் ஷாஃப்டில். எஸ்டீமின் முன் டிராக் (இரு முன் வீல்களுக்கும் இடையே உள்ள தூரம்) ஜென்னைவிட அகலம், அதனால் ஷாஃப்ட் நீளம் ஒத்துவராது. உள் ஜாயின்ட் எஸ்டீம், வெளி ஜாயின்ட் ஜென் என்று கலக்கும் முன் ஸ்ப்லைன் (ஷாஃப்ட் முனையில் உள்ள வரிப்பல்) பல்லை இரண்டு பக்கமும் எண்ணுங்க. வண்டி தரையில் நிற்கும்போது உள் ஜாயின்ட் தன் ஓட்டத்தின் நடுவில் இருக்கணும். வீல் முழுக்கத் தொங்கும்போது கழன்று வரக்கூடாது, முழுக்க ஏறும்போது அடியில் முட்டக்கூடாது. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஸ்ட்ரட்டை மேலும் கீழும் ஜாக்கால் நகர்த்தி அளந்தால்தான் இது தெரியும். நீளம் போதவில்லை என்று ஷாஃப்டை நடுவில் வெட்டி வெல்டிங் அடிக்க விடாதீங்க. வெல்டை ஒட்டிய பகுதியில் உலோகத்தின் குணம் மாறிடும், முறுக்கு விழும்போது முறிவதும் அங்கேதான். பெங்களூரு பீண்யா தொழிற்பேட்டையில் இ.என்.24 என்ற உறுதியான ஸ்டீலில் ஒரே துண்டாகக் கடைந்து, ஸ்ப்லைன் வெட்டி, ஹீட் ட்ரீட்மென்ட் செய்து தரும் பட்டறைகள் உண்டு.

மவுண்ட் பிராக்கெட்டுக்கு 6 மி.மீ. பிளேட், 10.9 கிரேடு போல்ட். சேசிஸ் ரெயில் மெல்லிய தகடு. அதில் வெறுமனே துளையிட்டு முறுக்கினால் தகடு நசுங்கி போல்ட் தளரும். உள்ளே குழாய் கொடுத்து, இரு பக்கமும் 3 மி.மீ. பட்டை வைத்து முறுக்குங்க. ரப்பர் மவுண்டை எடுத்துவிட்டு இரும்பாகப் போடச் சொல்வாங்க, கேட்காதீங்க. அதிர்வு முழுதும் பாடிக்குப் போய் பிராக்கெட் வெல்டிலேயே விரிசல் விடும்.

பானெட் இடைவெளி பார்க்க, ராக்கர் கவர் (என்ஜினின் மேல் மூடி) மேல் நாலைந்து இடத்தில் களிமண் உருண்டை வைத்து பானெட்டை மூடித் திறங்க. நசுங்கிய உருண்டை 25 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது என்ஜின் ஆடி பானெட்டில் தட்டும்.

கோரமங்களா_வயர்மேன்:
மெக்கானிக்கல் வேலையை 14 அண்ணா சொல்லிட்டார். இப்படிப்பட்ட வண்டிகள் வழியில் நிற்பது பெரும்பாலும் வயரிங்கிலும் கூலிங்கிலும்தான்.

ஈசியூ (என்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்), முழு லூம் (வயர் கட்டு), எல்லா சென்சார், சாவி, எல்லாம் அதே எஸ்டீமிலிருந்து வேணும். அந்த எஸ்டீமில் ஐகேட்ஸ் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத திருட்டுத் தடுப்பு) இருந்தால் அந்த யூனிட்டும் கூடவே வரணும். இல்லாவிட்டால் கிராங்க் சுற்றும், ஸ்டார்ட் ஆகாது. லூமை வெட்டி முறுக்கி டேப் சுற்றினால் ஆறு மாதம்தான் தாங்கும். ஒவ்வொரு கம்பியையும் பின் எண் பார்த்துக் கிரிம்ப் செய்து ஹீட் ஷ்ரிங்க் போடுங்க. என்ஜினுக்கும் பாடிக்கும் இடையே எர்த் பட்டையைப் பலர் மறந்துடுறாங்க. ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் பிளாக்குக்கும் இடையே மல்டிமீட்டரில் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. அந்த நிலையில் சென்சார் காட்டும் அளவு எதையும் நம்ப முடியாது.

ரேடியேட்டர், ஃபேன் இரண்டும் எஸ்டீமுடையதே போடுங்க. ஃபேனுக்குத் தனி ரிலே, தனி ஃபியூஸ். சூடானால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிடலாம் என்று எந்தப் பட்டறையில் சொன்னாலும் சம்மதிக்காதீங்க. கூலன்ட் சரியான சூட்டுக்கு வராததால் என்ஜின் இன்னும் குளிரில் இருக்கு என்று ஈசியூ நினைத்து பெட்ரோலை அதிகம் ஊற்றும். அது சிலிண்டர் சுவரைக் கழுவி ஆயிலில் கலக்கும். பிஸ்டன் ரிங் சீக்கிரமே தேயும்.

உங்க வண்டி எம்பிஎஃப்ஐ என்பதால் டேங்க்குக்குள் ஹை பிரஷர் பம்ப் ஏற்கெனவே இருக்கு, அது பெரிய நிம்மதி. கார்புரேட்டர் ஜென்னாக இருந்திருந்தால் டேங்க், பம்ப், ரிட்டர்ன் லைன் மூன்றையும் மாற்ற வேண்டியிருக்கும். புதிதாக எங்கே ஹோஸ் போட்டாலும் ஃபியூயல் இன்ஜெக்ஷன் ஹோஸ் என்று அச்சிட்டதுதான். சாதாரண ஹோஸ் இந்த பிரஷருக்கு வெடித்து சூடான என்ஜின் மேல் பெட்ரோலைத் தெளிக்கும்.

ஆர்சி_புக்:
செலவு செய்யும் முன் இதைப் படிச்சிடுங்க. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரத்திலிருந்து ஆர்சி விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ(4)-இன்படி, அனுமதியில்லாமல் மாற்றிய உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 993 சிசி ஜென்னில் 1298 சிசி எஸ்டீம் என்ஜின் என்பது நேராக இதற்குள் வரும்.

நடைமுறையில் மாட்டுவது ஆர்சி புதுப்பிக்கும்போது. 15 வருஷம் தாண்டிய வண்டி என்பதால் 5 வருஷத்துக்கு ஒருமுறை ஃபார்ம் 25 கொடுத்து வண்டியைக் காட்டணும். அங்கே என்ஜின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் பார்ப்பாங்க. அதைவிடப் பெரிய பயம் விபத்து. இன்ஷூரன்ஸ் சர்வேயர் என்ஜின் நம்பரை ஒப்பிட்டுப் பார்த்தால் க்ளெய்ம் நிற்கும். எதிரே வந்தவருக்கு அடிபட்டிருந்தால் நஷ்ட ஈடு உங்க தலையில் விழக்கூடும்.

அதே ஜென்னின் அதே வகை என்ஜினை ஆர்டிஓ அனுமதியோடு மாற்றி, நம்பரை ஆர்சியில் ஏற்றுவதுதான் நேரான வழி. அதற்கும் என்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கு ஆதாரமும் பில்லும் வாங்குங்க. குஜரியில் (பழைய வண்டிச் சாமான் கடையில்) நம்பரைத் தேய்த்த பிளாக் கண்ணில் பட்டால் விலை கேட்கக்கூட நிற்க வேண்டாம், அது திருட்டு வண்டியாக இருக்கலாம்.

ரோட்டுக்கே வராமல், செட்டிப்பாளையம் காரி ஸ்பீட்வேயிலோ இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலோ மட்டும் ஓட்டப் போறீங்க என்றால் 1.3 போடுங்க, பிளாட்பெட்டில் ஏற்றிக் கொண்டுபோங்க.

ஹலசூரு_ஜென்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். தினமும் ரோட்டில் ஓட்டும் வண்டி, அதனால் 1.3 வேண்டாம் என்று முடிவு. ஜி10-யையே சரிசெய்தால் ஏற்றத்தில் இழுக்குமா? ஆயில் குடிப்பது ரிங்கா சீலா என்று இறக்காமல் எப்படித் தெரிஞ்சுக்கறது?

ஸ்பேனர்_14:
நல்ல முடிவு. ஆரோக்கியமான ஜி10 நாலு பேரோடு தொப்பூரை மூன்றாவது கியரில் ஏறணும். உங்களுடையது இரண்டாவதில் திணறுது என்றால் இருக்கிற 60-ல் பாதி எங்கோ போகுது.

முதலில் சைலன்சர் பக்கம் பாருங்க. ஆயில் எரிக்கும் என்ஜினில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அடைத்துக்கொள்வது சகஜம். ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் பிரஷர் கேஜ் மாட்டி 2,500 ஆர்பிஎம்மில் பாருங்க. 0.2 பாருக்கு மேல் போனால் அடைப்பு. புது ரிங் போட்டும் இதை விட்டால் வண்டி அப்படியேதான் இழுக்கும்.

அடுத்து கம்ப்ரெஷன். என்ஜின் சூடாக இருக்கணும், நாலு பிளக்கும் கழற்றணும், இன்ஜெக்டர் கனெக்டரை எடுத்துவிடணும், ஆக்ஸிலரேட்டர் முழுக்க மிதிச்சிருக்கணும், பேட்டரி ஃபுல் சார்ஜ். கேஜில் சிலிண்டருக்கு 14 கிலோ (சதுர செ.மீ.க்கு) ஒட்டி வந்தால் புதுசு மாதிரி. 12-க்குக் கீழே போனாலோ, சிலிண்டருக்குச் சிலிண்டர் ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ வேலை இருக்கு. குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுங்க. அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். எல்லாம் 13-க்கு மேல் நின்று, இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போது மட்டும் நீலப்புகை அடித்தால் வால்வு ஸ்டெம் சீல்தான், பிளாக்கை இறக்கவே வேண்டாம்.

ரிங் என்று வந்தால் போரை அளக்காமல் வெறும் ரிங் மாற்ற விடாதீங்க. தேய்ந்து முட்டை வடிவான சிலிண்டரில் புது ரிங் ஒட்டாது. போரிங் செய்து 0.25 அல்லது 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போடணும். ஹெட் மேல் ஸ்ட்ரெயிட் எட்ஜ் வைத்து ஃபீலர் கேஜில் பாருங்க, 0.05 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் ஃபேசிங் (பரப்பைச் சமமாகச் சீவுவது) வேணும். பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், கிராங்க் சீல் எல்லாத்தையும் அதே சமயத்தில் மாற்றிடுங்க. கிளட்ச் பிளேட்டையும் பாருங்க, ஏற்றத்தில் ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாமல் இருப்பதற்குப் பாதிக் காரணம் அதாகவும் இருக்கலாம்.