சென்னை – யாழ்ப்பாணம் விமானம்: கணக்கில் ஒரு நேரம், கையில் ஒரு நேரம்

வேளச்சேரியிலிருந்து:

மீனம்பாக்கத்துக்கும் யாழ்ப்பாண விமான நிலையமான பலாலிக்கும் நேர்கோட்டில் சுமார் 355 கி.மீ. இருக்கும். தூரம் கணக்கிட்டுச் சொல்லும் இணையத் தளங்களில் பார்த்தால், பறக்கும் நேரம் ஒரு மணி நேரத்துக்குள் என்று வரும். டிக்கெட்டிலோ ஒன்றேகால் மணி நேரம் அல்லது அதற்கு மேல். என் மாமியார் ஊர் யாழ்ப்பாணம் என்பதால் அடிக்கடி போய் வருகிறேன். டிக்கெட் சொல்வதுதான் சரி.

அந்தத் தளங்கள் எந்த வழித்தடமானாலும் மணிக்கு 800 கி.மீ. என்று ஜெட் வேகத்தை வைத்துக் கணக்குப் போடுகின்றன. பலாலிக்குப் போவது ஏடிஆர் 72, காற்றாடி வைத்த விமானம். நல்ல வேகம் பிடித்தாலே மணிக்கு 500 கி.மீ. சொச்சம்தான். அங்கே ஓடுபாதை நீளம் போதாது, அதனால் பெரிய ஜெட் வருவதில்லை. அப்புறம், டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டுமல்ல. விமானம் நின்ற இடத்திலிருந்து நகர்வதில் தொடங்கி, அங்கே போய் நிற்கும் வரை. சென்னையில் ஓடுபாதைக்காக வரிசையில் காத்திருப்பதும் அதில் சேர்த்தி.

ஜன்னல் சீட் கேட்டு வாங்குங்கள். ஏடிஆரில் இறக்கை தலைக்கு மேலே இருக்கும், கீழே பார்வையை மறைக்காது. உயரமும் குறைவு. கடல் முடிந்ததும் பனைமரங்கள், செம்மண் தோட்டங்கள், வாழை என்று ஒவ்வொன்றாகத் தெரியும். ஏறுவதும் இறங்குவதும் பின்பக்கக் கதவு வழியாக, முன்பக்கம் சரக்குக்கு. பின் வரிசையில் இருந்தால் குடியேற்ற வரிசையில் முதலில் நிற்கலாம்.

திருச்சியிலிருந்து:

நான் யாழ்ப்பாணத்துக்காரி, இங்கே கட்டிக்கொடுத்தது. முன்பு அம்மாவைப் பார்க்க வேண்டுமென்றால் கொழும்புக்குப் பறந்து, இரவு பஸ் ஏறி, 400 கி.மீ. வீதியில் போய் விடியத்தான் வீட்டுப் படலையைத் திறப்பேன். திருச்சியிலிருந்து பலாலி நேர்கோட்டில் 185 கி.மீ. கூட இல்லை. அதற்கு இவ்வளவு சுற்று! 2025 மார்ச் கடைசியில் நேரடி விமானம் விட்டார்கள். ஒரு மணித்தியாலம். தண்ணீர் கொடுத்து முடிக்கவே இறங்கச் சொல்லி அறிவிப்பு வந்துவிடும்.

இந்தியா – யாழ்ப்பாணம் விமானம் ஏதோ புதுப் பாதை என்று பலர் நினைக்கிறார்கள். 1947 டிசம்பரில் இலங்கையின் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானமே கொழும்புப் பக்கத்து ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை (பலாலிக்குப் பக்கத்துத் துறைமுக ஊர், பலாலி விமான நிலையத்துக்கு அப்போது அந்தப் பெயர்தான்) வழியாக மதராசுக்குத்தான் பறந்தது. பிறகு யுத்தம் எல்லாவற்றையும் மூடிவிட்டது. 2019 அக்டோபரில் பலாலியைச் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தபோது அம்மா தொலைபேசியில் அழுதார்.

நாகப்பட்டினத்திலிருந்து:

எங்களுக்குக் கப்பல்தான் கிட்ட. காங்கேசன்துறைக்கு 110 கி.மீ., நாலு மணி நேரம். 2023 அக்டோபரில் தொடங்கியது. சாமான் நிறைய இருந்தால் இதுவே வசதி. வாந்தி மாத்திரை கட்டாயம்.

வேளச்சேரியிலிருந்து:

உண்மைதான் அண்ணே, ஆனால் கல்யாணம், காரியம் என்று தேதி குறித்துப் போகிறவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் கப்பலை நம்ப வேண்டாம். வடகிழக்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளித்தால் நிறுத்திவிடுவார்கள். விமானத்திலும் அந்த மாதங்களில் குலுக்கல் உண்டு. பலாலியிலிருந்து யாழ் நகரத்துக்கு இன்னும் 17 கி.மீ. வரை போக வேண்டும். ஆட்டோவைக் கிளம்பும் முன்பே சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம், கடிகாரத்தைத் திருப்ப வேண்டியதில்லை.