ஜெர்மன் படிக்கப் போகிறேன்: அங்குள்ள குடும்பத்தோடு தங்கலாமா, விடுதியே போதுமா?

குடியாத்தம் மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வேலூரில் உள்ள ஒரு கல்லூரியில் இயந்திரப் பொறியியல் முடித்திருக்கிறேன். கல்லூரிக் காலத்திலேயே ஜெர்மன் படிக்கத் தொடங்கி, ஜெர்மன் மொழி கற்பிக்கும் சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் பி1 தேர்வு (ஆறு படிகளில் மூன்றாவது) எழுதித் தேறிவிட்டேன். ஜெர்மன் வழியிலேயே முதுகலை படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். அதற்குப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஐந்தாவது படியான சி1 அளவுக்கு மொழித் தேர்ச்சி கேட்பதால், முதலில் சில மாதங்கள் ஜெர்மனிக்கே போய் மொழியை மட்டும் படிக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

அங்குள்ள ஒரு மொழிப் பள்ளியில் இடம் உறுதியாகிவிட்டது. தங்குவதற்கு அவர்களே இரண்டு வழிகளைச் சொல்கிறார்கள். ஒன்று, அந்த ஊர்க் குடும்பம் ஒன்றின் வீட்டில் தனி அறை, காலை உணவும் இரவு உணவும் அவர்களோடு. மற்றொன்று, பள்ளி நடத்தும் மாணவர் விடுதி, சமையல் நம் பொறுப்பு. விடுதி மலிவு. குடும்பத்தோடு தங்கினால் மொழி வேகமாக வரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் சொல்பவர்களில் யாரும் அப்படித் தங்கியதில்லை. வீட்டில் நாங்கள் முட்டைகூடச் சேர்க்காத சைவம். "முன்பின் தெரியாத வீட்டில் பெண் பிள்ளையை எப்படி விடுவது?" என்று அம்மா கேட்கிறார். அப்பா லுங்கி வியாபாரம் செய்கிறார். அவருக்குச் செலவுதான் கவலை. அங்கே உண்மையிலேயே தங்கிப் படித்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ராணிப்பேட்டையான் எழுதியது:

வணக்கம் தங்கை. நான் கெட்டிங்கன் நகரில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியையின் வீட்டில் தங்கித்தான் மொழி படித்தேன். குடும்பத்தோடு தங்குங்கள் என்பதே என் கருத்து. ஆனால் எந்த வீடு என்பதைவிட, அந்த வீட்டில் இரவு உணவு எப்படி நடக்கிறது என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். நாள் முழுவதும் அவர்கள் வேலையில் இருப்பார்கள், நீங்கள் வகுப்பில் இருப்பீர்கள். மாலை ஆறு ஆறரை மணிக்கு அவர்கள் மேசையைச் சுற்றி உட்காரும் அந்த ஒரு மணி நேரம்தான் உங்களுக்குக் கிடைக்கும் உண்மையான வகுப்பு. அதில் உங்களுக்கு இடம் இல்லை என்றால், அது வெறும் வாடகை அறைதான்; விடுதியைவிடக் கூடுதலாகப் பணம் கொடுப்பதில் பொருளில்லை.

இரவில் பல வீடுகளில் அடுப்பே மூட்ட மாட்டார்கள். ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, வெள்ளரி, தக்காளி, ஊறவைத்த காய்கள் என்று எல்லாவற்றையும் மேசையில் பரப்பிவிடுவார்கள். அவரவர் எடுத்து அடுக்கிச் சாப்பிட வேண்டியதுதான். சுடச்சுடச் சோறு கிடைக்காத முதல் வாரம் கொஞ்சம் வெறுமையாக இருக்கும். ஆனால் சமையலில் யாரும் மூழ்கியிருக்காததால் எல்லோரும் உட்கார்ந்து பேசுவார்கள், அதுதான் நமக்கு லாபம்.

சைவம் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அங்கே சைவர்களும், பால்கூடச் சேர்க்காதவர்களும் நிறைய இருக்கிறார்கள். சிறு ஊர்க் கடைகளிலும் அதற்கென்று பொருள்கள் கிடைக்கும். ஆனால் "நான் சைவம்" என்று மட்டும் எழுதி அனுப்பிவிடாதீர்கள். அவர்கள் கணக்கில் முட்டை சைவம். கேக், நூடுல்ஸ், மாவு அடைகள் பலவற்றிலும் முட்டை இருக்கும். மெல்லும் மிட்டாய்களில் ஜெலட்டின் உண்டு; சிலவகைப் பாலாடைக்கட்டிகளைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியைச் சேர்த்துத்தான் செய்கிறார்கள். எது ஆகும், எது ஆகாது என்று அரைப் பக்கத்தில் எழுதி முன்கூட்டியே அனுப்புங்கள். அவர்கள் அதைத் தொந்தரவாக நினைக்க மாட்டார்கள், சொல்லாமல் தட்டில் ஒதுக்கி வைத்தால்தான் வருத்தப்படுவார்கள்.

மொழியில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. "மழை பெய்ததால் நான் வரவில்லை" என்பது போன்ற வாக்கியங்களில், காரணம் சொல்லும் பகுதியின் வினையை ஜெர்மன் மொழி அந்தப் பகுதியின் கடைசியில் கொண்டுபோய் வைக்கும். என்னோடு படித்த பிரேசில், இத்தாலி நாட்டு மாணவர்கள் அதில் திணறினார்கள். வினையை இறுதியில் வைத்தே வளர்ந்த நமக்கு அது இயல்பாக வரும். குறில் நெடில் வேறுபாடும் அப்படித்தான். நம்மைப் படுத்துவது பெயர்ச்சொற்களின் பால்தான். மேசையில் இருக்கும் கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி இரண்டும் இல்லாத மூன்றாம் பால்! இதற்கு விதி தேடிப் பயனில்லை. உப்பை எடுத்துத் தரச் சொல்லும்போதும், பாத்திரம் துடைக்கும்போதும் காதில் விழுந்து விழுந்துதான் அது பதியும். புத்தகத்தை வைத்துக்கொண்டு அதை மனப்பாடம் செய்தவர்களைவிட, சமையலறையில் நின்று திருத்தம் வாங்கியவர்கள் வேகமாகத் தேறியதை நான் பார்த்திருக்கிறேன். முதல் நாளே "நான் தவறாகப் பேசினால் தயவுசெய்து திருத்துங்கள், ஆங்கிலத்துக்கு மாற வேண்டாம்" என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்காவிட்டால் மரியாதைக்காகத் திருத்த மாட்டார்கள்.

பாலாற்றங்கரை எழுதியது:

மேலே உள்ள நண்பரின் அனுபவம் நல்ல அனுபவம்; எல்லோருக்கும் அது அமைவதில்லை. குடும்பம் என்று சொல்வதால் அன்பளிப்பாகத் தங்க வைக்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். அறையை வாடகைக்கு விட்டு வருமானம் பார்க்கிறார்கள், அதில் தவறும் இல்லை. எனக்கு அமைந்த வீட்டில் வெவ்வேறு நாட்டு மாணவர்கள் மூன்று அறைகளில் இருந்தோம். வீட்டுக்காரர் காலையில் ரொட்டியை வைத்துவிட்டுப் போய்விடுவார். நாங்கள் மூவரும் எங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டோம். பிறகு விடுதிக்கு மாறினேன், அங்கே பொதுச் சமையலறையில்தான் ஜெர்மன் பேச வாய்ப்புக் கிடைத்தது. ஆகவே அதே வீட்டில் வேறு மாணவர்கள் இருக்கிறார்களா, அவர்கள் என்ன மொழி பேசுகிறவர்கள் என்று பள்ளியிடம் கேளுங்கள்.

இன்னொன்று முக்கியம். குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் ஊர் அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு, "இவர் என் வீட்டில் குடியிருக்கிறார்" என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்ட படிவம் தேவை. தங்கும் அனுமதிக்கான வேலைகள் எல்லாம் அந்தப் பதிவிலிருந்துதான் தொடங்கும். குறுகிய காலம் தங்குபவர்களுக்கு அந்தப் படிவம் தரத் தயங்கும் வீடுகளும் உண்டு. பணம் கட்டுவதற்கு முன்பே, தருவோம் என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

உங்கள் அப்பாவின் கவலைக்கு: விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு, மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக மட்டுமே எடுக்கக்கூடிய முடக்கக் கணக்கில் காட்ட வேண்டிய தொகை 2024 செப்டம்பர் முதல் மாணவர்களுக்கு மாதம் 992 யூரோ, ஆண்டுக்கு 11,904 யூரோ. மொழிப் படிப்புக்கு மட்டும் போகிறவர்களிடம் இதைவிடக் கூடுதலாகக் கேட்பார்கள். வகுப்பு வாரம் குறைந்தது 18 மணி நேரம் இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. உங்கள் இலக்கு முதுகலை என்பதால், மொழிப் படிப்பு விசாவா, மேற்படிப்புக்கு முந்தைய மொழிப் பயிற்சியையும் சேர்த்துத் தரும் விசாவா என்பதைச் சென்னையில் உள்ள ஜெர்மன் துணைத் தூதரகத்தின் இணையப் பக்கத்தைப் பார்த்து இப்போதே தீர்மானியுங்கள். அங்கே போனபின் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவைக்க வேண்டாம்.

காட்பாடி அக்கா எழுதியது:

அம்மாவின் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன். நான் வேலூரில் செவிலியர் படிப்பு முடித்து, பி2 தேறி, இப்போது ஜெர்மனியில் மருத்துவமனையில் வேலை செய்கிறேன். வந்த புதிதில் ஒரு நடுவயதுத் தம்பதியின் வீட்டில் தங்கியிருந்தேன். என் அம்மாவும் இதையேதான் கேட்டார்.

அறைக்குத் தனிப் பூட்டும் சாவியும் உண்டா, குளியலறையை யார் யாரோடு பகிர வேண்டும், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், இரவில் பேருந்து நிறுத்தத்திலிருந்து எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று நேரடியாகக் கேளுங்கள். அங்கே இப்படிக் கேட்பதை யாரும் அவமதிப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். புறப்படுவதற்கு முன் ஒருமுறை வீடியோவில் அம்மாவையும் உட்கார வைத்து அந்த வீட்டாரோடு பேசுங்கள். குளிர்காலத்தில் நம் நேரம் நாலரை மணியும் கோடைகாலத்தில் மூன்றரை மணியும் முன்னால் இருக்கும். அவர்கள் வேலை முடிந்து வரும் நேரத்தில் நம் ஊரில் இரவு பத்து ஆகிவிடும் என்பதால் சனிக்கிழமை பகலில் வைத்துக்கொள்வது நல்லது. எங்கள் வீட்டில் அந்த ஒரு பேச்சுக்குப் பிறகு அம்மா என்னைவிட அந்த அம்மாளைத்தான் அதிகம் விசாரித்தார்.

வீட்டுப் பழக்கங்களில் உங்களுக்கு முதலில் இடறுவது சாப்பாட்டு மேசையாகத்தான் இருக்கும். நம் ஊரில் "போதும்" என்றால் இன்னொரு கரண்டி விழும். விருந்தாளி மறுப்பதும் வீட்டுக்காரர் வற்புறுத்துவதும் மரியாதை. அங்கே ஒருமுறை வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கிண்ணம் அடுத்தவருக்குப் போய்விடும், மறுபடி யாரும் கேட்க மாட்டார்கள். அது அன்பில்லாமை அல்ல, உங்கள் சொல்லை அப்படியே நம்புகிறார்கள். பசித்தால் எடுத்துக்கொள்ள வேண்டும், பிடிக்கவில்லை என்றால் அதையும் சொல்லலாம். அவர்களும் அப்படியே சொல்வார்கள். ஒருநாள் நான் ஆசையோடு வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு, "இது எனக்கு மிகவும் புளிப்பு" என்று அந்த அம்மாள் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். பருப்புப் பொடியை மட்டும் ரொட்டியில் வெண்ணெய் தடவித் தூவிக்கொண்டு ஒரு புட்டியையே காலி செய்தார்கள்.

சமைக்க அனுமதி உண்டா என்றும் கேளுங்கள். அனுமதி இருந்தாலும் வெங்காயமும் மிளகாயும் தாளிக்கும்போது சன்னலைத் திறந்துவிட்டு, நடைக் கதவைச் சாத்திவிடுங்கள்; நடைவழிகளிலும் படுக்கையறைகளிலும் புகை வந்தால் அலறும் கருவி இருக்கும். சன்னல் விஷயத்தில் நாம் தலைகீழாகப் பழக வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் வெயில் வராமல் வீட்டைச் சாத்தியே வைத்துப் பழகிய வேலூர்க்காரர்கள், உறைகிற குளிரில் ஒரு நாளைக்குச் சில தடவை ஐந்து நிமிடம் சன்னலை அகலத் திறக்கச் சொன்னால் விழிப்போம். திறக்காவிட்டால் ஈரம் தங்கிச் சுவரில் பூஞ்சை பிடிக்கும், வீட்டுக்காரர்கள் கோபப்படுவது பெரும்பாலும் இதற்குத்தான். மற்றவை தானாகப் பழகும்: இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது, ஞாயிறு கடை கிடையாது, குப்பையைப் பிரித்துப் போட வேண்டும், 25 சென்ட் முன்பணம் உள்ள புட்டிகளைத் தூக்கி எறியாமல் கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பரிசாக எதையாவது எடுத்துப் போக நினைப்பீர்கள். ஆற்காடு மக்கன் பேடாவும் நெய்யும் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து பால்பொருள்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கட்டுப்பாடு இருக்கிறது, சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். அப்பாவின் கடையிலேயே நல்ல கைத்தறி இருக்குமே!

ஆம்பூர் பெற்றோர் எழுதியது:

ஒரு சிறு எச்சரிக்கை. "ஜெர்மன் குடும்பத்தோடு இலவசமாகத் தங்கி மொழி படிக்கலாம்" என்று சொல்லி எங்கள் பக்கம் சில முகவர்கள் பிள்ளைகளிடம் பணம் வாங்குகிறார்கள். என் மகளிடமும் வந்தார்கள். அது உண்மையில் ஓபேர் என்னும் வேறு ஏற்பாடு. அந்தக் குடும்பத்தின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு வாரம் 30 மணி நேரம் வரை வீட்டு வேலையில் உதவ வேண்டும்; அதற்கு உணவும் அறையும் கைச்செலவுப் பணமும் தருவார்கள். விசாவும் வேறு, வயது வரம்பும் உண்டு. அதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை, ஆனால் வாரம் 18 மணி நேர வகுப்போடு சி1 தேர்வுக்குப் படிப்பவருக்கு அது ஒத்துவராது.

குடியாத்தம் மாணவி எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. பள்ளிக்கு எழுதிக் கேட்டுவிட்டேன். அவர்கள் சொல்லும் வீட்டில் ஒரு பாட்டியும் அவருடைய மகளும் இருக்கிறார்கள், வேறு மாணவர் இல்லை, இரவு உணவு சேர்ந்துதான். முகவரிப் படிவமும் தருவார்களாம். முதல் இரண்டு மாதம் அங்கே இருந்துவிட்டு, பேச்சு பழகிய பிறகு செலவைக் குறைக்க விடுதிக்கு மாறலாம் என்று அப்பா சொல்கிறார். அப்படி மாறுவதில் சிக்கல் உண்டா? அந்தப் பாட்டியை எப்படி அழைப்பது என்றும் தெரியவில்லை.

ராணிப்பேட்டையான் எழுதியது:

மாறலாம். மாறியதும் மறுபடி இரண்டு வாரத்துக்குள் புது முகவரியைப் பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். விடுதியில் அந்த மாதம் இடம் இருக்குமா என்பதைப் பள்ளியிடம் இப்போதே உறுதி செய்யுங்கள். பல்கலைக்கழக விடுதிகள் அங்கே சேர்ந்த மாணவர்களுக்குத்தான், மொழி மட்டும் படிப்பவருக்குக் கிடைக்காது. வீட்டைக் காலி செய்ய எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் பாருங்கள்.

பாட்டியைக் குடும்பப் பெயரோடு, மரியாதைப் பன்மையில் அழையுங்கள். ஒருமையில் பேசலாம் என்று அவரே சொல்லும்வரை காத்திருங்கள். மூத்தவர்தான் அதைச் சொல்ல வேண்டும் என்பது அங்குள்ள வழக்கம். பெரும்பாலும் முதல் இரவு உணவிலேயே சொல்லிவிடுவார்கள்.