வலிக்காத நெறிக்கட்டி: உங்கள் வீட்டில் நடந்ததை எழுதுங்கள்

உப்பனாறு (கடலூர் முதுநகர்):

மகளுக்குத் தலை பின்னும்போதுதான் அது என் விரலில் பட்டது. இடது காதுக்குக் கீழே, கழுத்தின் பக்கவாட்டில், புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி. அழுத்தினால் வலிக்கிறதா என்று கேட்டேன். "இல்லை அம்மா, கூச்சமாகத்தான் இருக்கிறது" என்றாள். பதினொன்றாம் வகுப்பு படிக்கிற பெண். சளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. வலிக்கவில்லை என்றதும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. அந்த நிம்மதியிலேயே இரண்டரை மாதத்தைத் தொலைத்தேன். இன்னொரு தாய் அப்படித் தொலைக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்கு நெறி கட்டுவது புதிதல்ல. கணவருக்கு மீன்பிடித் துறைமுகத்தில் வேலை. காலில் முள் குத்தினால் மறுநாளே தொடை இடுக்கில் நெறி கட்டும், விந்தி விந்தி நடப்பார், புண் ஆறியதும் நெறியும் வடிந்துவிடும். ஆகவே நெறி என்றால் வலிக்கும், வலி போனால் குணம் என்பதுதான் எங்கள் கணக்கு. மாமியார் சுண்ணாம்பும் வெல்லமும் குழைத்துப் பற்றுப் போட்டார். தோல்தான் வெந்து கொப்பளித்தது, கட்டி அப்படியே இருந்தது. மருந்துக்கடையில் கேட்டு ஐந்து நாளுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். பிறகு இன்னும் ஐந்து நாளுக்கு வேறொரு மாத்திரை. அதற்குள் ஒன்று இரண்டாகிவிட்டது. இரண்டும் ஒட்டிக்கொண்டு, கோலிக்குண்டுகளைத் துணியில் முடிந்து வைத்ததுபோல் கைக்குத் தட்டுப்பட்டன.

அரசு மருத்துவமனையில் ஒரு பெண் மருத்துவர் மகளின் பின்னால் நின்றுகொண்டு, இரண்டு கை விரல்களாலும் தாடைக்குக் கீழிருந்து காறை எலும்பு வரை மெதுவாகத் தடவிப் பார்த்தார். அக்குளையும் வயிற்றையும் பார்த்தார். எத்தனை நாளாக இருக்கிறது என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் எனக்குத் தொண்டை அடைத்தது. மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து கொஞ்சம் உறிஞ்சி, கண்ணாடித் தகட்டில் தடவி அனுப்பினார்கள். மகள் என் கையைப் பிடித்து முடிப்பதற்குள் ஊசி வெளியே வந்துவிட்டது. முடிவு வந்தபோது காசநோய் என்றார்கள்.

இருமலே இல்லாத பிள்ளைக்குக் காசநோயா என்று கேட்டேன். காசநோய்க் கிருமி நுரையீரலில் மட்டும் தங்குவதில்லை, நெறியாக வீங்குகிற நிணநீர்க் கணுக்களிலும் தங்கும், அதிலும் கழுத்தில்தான் அதிகம் என்று மருத்துவர் விளக்கினார். பழைய காலத்தில் கண்டமாலை என்று சொன்னது பெரும்பாலும் இதைத்தானாம். நுரையீரலில் நோய் இல்லாமல் கணுவில் மட்டும் இருந்தால் மற்றவர்களுக்குத் தொற்றாது. மார்பு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து அதையும் உறுதிசெய்தார்கள். முடிவு வந்த அன்றே அவளுடைய தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்திருந்தேன். எக்ஸ்ரே பார்த்துவிட்டு வீடு திரும்பியதும் முதல் வேலையாக அவற்றை மற்ற பாத்திரங்களோடு சேர்த்துக் கழுவிக் கவிழ்த்தேன்.

ஆறு மாத மருந்து. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், பிறகு நான்கு மாதம் மூன்று. எல்லாம் அரசின் இலவசம். சத்துணவுக்காக மாதத்துக்கு 1,000 ரூபாய் வீதம் வங்கிக் கணக்குக்கு வருகிறது. 2024 நவம்பருக்கு முன்பு அது 500 ரூபாயாக இருந்தது. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், அது மருந்தின் நிறம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டதால் அதற்குப் பயப்படவில்லை. ஆனால் இரண்டாவது மாதத்தில் கட்டி திடீரெனப் பெரிதானபோது உடைந்துபோனேன். மருந்து தோற்றுவிட்டது என்றே நினைத்தேன். அழைத்துப் போய்க் காட்டினேன். மருந்து வேலை செய்யும்போதே சிலருக்குக் கட்டி வீங்கி அடங்கும், ஒரு வேளை மருந்தைக்கூட விடக் கூடாது, யார் சொன்னாலும் கீறிவிட ஒப்புக்கொள்ளாதீர்கள், கீறினால் புண் ஆறாமல் கசிந்துகொண்டே இருக்கும் என்றார்கள். விடவில்லை. இப்போது தடவினால் ஒரு மிளகு அளவுக்குத் தட்டுப்படுகிறது, அவ்வளவுதான்.

சொந்தக்காரர்களில் சிலர் கல்யாணப் பேச்சுக்கு இடைஞ்சலாகும், வெளியே சொல்லாதே என்கிறார்கள். நான் சொல்வேன். உங்கள் வீடுகளில் நடந்ததையும் எழுதுங்கள்.

பலாத்தோப்பு (பண்ருட்டி):

உங்கள் மகள் நலமடைந்தது பெரிய ஆறுதல், அக்கா. எனக்கு நடந்தது நேர்மாறு, வலித்த நெறி. மழை விட்ட கார்த்திகையில் முந்திரித் தோப்பில் புதர் வெட்டினேன். பத்து நாள் கழித்துக் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி. வலது தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது, ஆனால் காலில் எங்கேயும் புண் இல்லை. டெங்கு, டைபாய்டு சோதனைகளில் ஒன்றும் தெரியவில்லை. ஆறாவது நாள் புதுச்சேரியில் ஒரு மருத்துவர், "நெறி இங்கே கட்டியிருக்கிறது என்றால் கிருமி நுழைந்த வாசல் தொப்புளுக்குக் கீழேதான் இருக்க வேண்டும்" என்று சொல்லி, வேட்டியை விலக்கிப் பார்க்கச் சொன்னார். அரைஞாண் கயிற்றுக்குச் சற்றுக் கீழே, சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை, ஆகவே எனக்கே தெரியாது. ஸ்க்ரப் டைபஸ் என்றார். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி கடித்து வருவது. டாக்சிசைக்ளின் மாத்திரை தொடங்கிய இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கியது. விட்டிருந்தால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பிடித்திருக்கும் என்றார். காய்ச்சலும் நெறியும் சேர்ந்து வந்தால் வெட்கப்படாமல் உடம்பு முழுவதையும் காட்டுங்கள்.

சுண்ணாம்பாறு (புதுச்சேரி):

நான் தம்பிக்காக எழுதுகிறேன். வயது 27, சேதராப்பட்டில் வேலை. காறை எலும்புக்கு மேலே உள்ள குழியில் கட்டி, ரப்பர் பந்தைத் தொடுவதுபோல் இருந்தது. வலியே கிடையாது. இரவில் பனியன் பிழியும் அளவுக்கு வியர்க்கும், மின்விசிறி சரியில்லை என்று நினைத்தோம். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டான், வேலைப்பளு என்று நினைத்தோம். ஒரு மருத்துவர் ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒரே வாரத்தில் கட்டி பாதியானது. அம்மா மணக்குள விநாயகருக்குத் தேங்காய் உடைத்தார். மாத்திரை முடிந்து ஒரு மாதத்தில் பழைய அளவைத் தாண்டி வளர்ந்துவிட்டது.

இந்த இடம்தான் எனக்கு இன்றும் ஆறவில்லை. காரணம் தெரிவதற்கு முன் ஸ்டீராய்டு கொடுத்தால் சில வகைப் புற்றுநோய்க் கட்டிகள் தற்காலிகமாகச் சுருங்கும், அப்போது எடுக்கும் சதைப் பரிசோதனையிலும் நோய் சரியாகத் தெரியாமல் போகலாம் என்று ஜிப்மரில்தான் அறிந்தோம். அவனுக்கு ஊசிச் சோதனை போதவில்லை. ஒரு கணுவை முழுதாக எடுத்துப் பார்த்தார்கள். ஹாட்ஜ்கின் லிம்போமா, நிணநீர்க் கணுக்களில் வரும் ஒரு புற்றுநோய். பதினைந்து நாளுக்கு ஒரு முறை மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, சாப்பாடு கசந்தது. ஆனால் புற்றுநோய்களில் நன்றாகக் குணமாகும் வகை இது என்று முதல் நாளே மருத்துவர் சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தோம். இப்போது பழையபடி காலை ஷிஃப்டுக்குப் போகிறான்.

கோரிமேடு (ஓய்வுபெற்ற செவிலி):

மூன்றையும் படித்தேன். பயந்துபோகும் தாய்மார்களுக்காக முதலில் ஒன்று. நம் உடம்பில் சுமார் 600 நிணநீர்க் கணுக்கள் இருக்கின்றன, கிருமியோடு சண்டை நடக்கும்போது அவை வீங்குவது இயல்பு. சிறு பிள்ளைகளின் கழுத்தில் பட்டாணி அளவுக்கு, விரலுக்கு அடியில் நழுவி ஓடும் கணுக்கள் இருப்பது மிகச் சாதாரணம். பின்மண்டையில் நெறி என்று தூக்கி வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் தலையில் பேனும் புண்ணும் இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். பொன்னுக்கு வீங்கி வேறு. அது உமிழ்நீர்ச் சுரப்பி வீங்குவது, காது மடலையே தூக்கிவிடும்.

கவலைப்பட வேண்டியது வேறு மாதிரி. இரண்டு மூன்று வாரம் ஆகியும் வடியாதது, வளர்ந்துகொண்டே போவது, கல்போல் இறுகி அடியோடு ஒட்டிக்கொண்டு அசையாதது, இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டியது. வலிக்காவிட்டால் இன்னும் சீக்கிரம் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காறை எலும்புக்கு மேலே கட்டி வந்தால் நாள் கணக்கே பார்க்க வேண்டாம். அங்கே வருவது நெஞ்சிலோ வயிற்றிலோ உள்ள நோயின் அடையாளமாக இருக்கலாம். இரவு வியர்வை, விடாத காய்ச்சல், ஆறு மாதத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைவது ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அப்படித்தான். அக்குளில் கட்டி என்றால் பெண்கள் மார்பையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். கழுத்துக் கட்டியோடு மூச்சு விடவோ விழுங்கவோ சிரமம் என்றால் அந்த மணி நேரமே மருத்துவமனைக்குப் போங்கள்.

வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்களுக்குத் தாடைக்குக் கீழே இறுகிய கட்டி வந்தால், தயவுசெய்து வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். கட்டிக்கே மருந்து தடவிக்கொண்டிருந்து, நாக்கடியில் இருந்த புண்ணைக் கடைசியில் கண்டுபிடித்த குடும்பங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

கெடிலக்கரை (திருப்பாதிரிப்புலியூர்):

செவிலி அம்மாவுக்கு வணக்கம். அப்பாவுக்கு வயது 63, நாற்பது வருடமாகப் புகையிலை போடுகிறார். தாடைக்குக் கீழே கட்டி வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. சொத்தைப் பல் என்று விட்டிருந்தோம். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு டார்ச் அடித்து வாயைப் பார்த்தேன். நாக்கின் வலது ஓரத்தில் ஒரு புண், சுற்றிலும் வெள்ளையாகத் தடித்திருக்கிறது. எரிகிறதா என்று கேட்டால், "காரம் பட்டால் மட்டும்" என்கிறார். கை நடுங்குகிறது.

கோரிமேடு (ஓய்வுபெற்ற செவிலி):

நாளைக் காலையிலேயே அழைத்துப் போங்கள், தம்பி. கட்டியை மட்டும் காட்டிவிட்டு வராமல், புண் இருக்கிறது என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். பல் மருத்துவர் எழுதிய சீட்டு இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், அப்பா சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிட்டால் அவற்றின் அட்டைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை கடையில் எந்த மாத்திரையும் வாங்கிக் கொடுக்காதீர்கள், கட்டியின் மேல் எதையும் தடவாதீர்கள். என்ன சொன்னார்கள் என்று மாலையில் எழுதுங்கள். நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.