சோக்குக்கு ஒரு தமிழ்ச்சொல்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

ஒன்டாரியோவில் தோட்ட டிராக்டர் வைத்திருக்கும் நம்மவர்களுக்காக, குளிரில் எஞ்சின் கிளம்பாவிட்டால் என்ன செய்வது என்ற துண்டறிக்கையைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மைனஸ் 18 பாகை செல்சியஸில் பேட்டரியின் திறன் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும், எஞ்சின் ஆயிலும் தடித்துவிடும், அதனால் கையேடு அனுமதித்தால் எஸ்ஏஇ 30 ரக ஆயிலுக்குப் பதில், குளிரிலும் இளகி ஓடும் 5டபிள்யூ-30 ஊற்றுங்கள் என்பதுவரை எழுதியாயிற்று. சோக்கில் வந்து நிற்கிறேன்.

எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டரில், காற்று நுழையும் வாயில் இருக்கும் வட்டத் தகடு அது. குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. தகட்டை மூடினால் காற்று குறைந்து, பெட்ரோல் கூடுதலாக இழுக்கப்பட்டு, தீப்பிடிக்கிற கலவை கிடைக்கும். 'நெரிப்பான்' என்று எழுதலாம்தான். ஆனால் பக்கத்திலேயே, எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டில் இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டு பெயருமே தொண்டையை நெரிக்கும் பொருள் உள்ளவை. நெரிப்பான் என்றால் எதைத் தொடுவார்கள்?

*

ஐயா, தொண்டையைக் குறிக்கும் 'மிடறு' இருக்க ஏன் தேடவேண்டும்? "உந்தி முதலா முந்துவளி தோன்றித் தலையினும் மிடற்றினும் நெஞ்சினும் நிலைஇ" என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் தொடங்குகிறது. வளி, அதாவது காற்று, செல்லும் ஒடுங்கிய வழி மிடறு. நஞ்சு அங்கே நின்றதால் சிவன் நீலமிடற்றன். அதியமானை வாழ்த்தும் ஔவை "நீலமணி மிடற்று ஒருவன் போல" என்கிறார். நிறுத்துதல், ஒடுக்குதல் இரண்டும் அச்சொல்லோடு வருகின்றன. ஆகவே 'மிடறடைப்பி'. கரிகாலனின் முன்னோனை 'வளி தொழில் ஆண்ட உரவோன்' என்று பாடிய மொழிக்குக் கடன் எதற்கு?

*

கோவையிலிருந்து எழுதுகிறேன். தொழிற்பயிற்சி நிலையத்தில் எஞ்சின் பாடம் நடத்துகிறவன். மிடறு என்றால் என் மாணவர்களுக்கு ஒரு வாய்த் தண்ணீர்தான் நினைவுக்கு வரும். அதைவிட முக்கியம், கார்புரேட்டரில் ஒடுங்கிய பகுதி வேறு, சோக் தகடு வேறு. தகடு அதற்கு முன்னால், காற்று வாயில் இருக்கிறது. மிடறடைப்பி என்றால் இடமே தவறிப்போகும்.

பட்டறையில் 'சோக்கை இழு' என்றால் எல்லாருக்கும் புரியும். வடசொல்லை நம் எழுத்துக்கு ஏற்ப மாற்றி எடுத்துக்கொள்ளத் தொல்காப்பியரே வழி சொன்னார். பிறமொழிச் சொல்லுக்கும் அதுவே போதும். 'சோ' மொழிக்கு முதலில் வரும், ககர மெய் ஈறாகாது. உகரம் சேர்த்துச் 'சோக்கு' என்று எழுதுங்கள், முடிந்தது.

*

சென்னையில் 'சோக்கா இருக்கு' என்றால் அருமையாக இருக்கிறது என்று பொருள், ஐயா!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூடுவது மட்டுமா வேலை? எஞ்சின் கிளம்பியதும் தகட்டை மெல்லத் திறக்கவேண்டும். மூடியே விட்டால் தீப்பொறி தரும் பிளக் பெட்ரோலில் நனைந்து எஞ்சின் அணைந்துவிடும். அப்புறம் பிளக்கைக் கழற்றித் துடைக்கவேண்டியதுதான். படிப்பவர் குளிரில் கையுறை போட்டுக்கொண்டு நிற்கிறார். பெயரைப் பார்த்ததும் மூடு, திற என்று இரண்டும் தோன்றவேண்டும். 'காற்றுமூடி' என் பரிந்துரை.

*

அம்மா, கருத்து பிடித்திருக்கிறது. ஆனால் காற்று வடிகட்டிக்கும் ஒரு மூடி உண்டு. யாராவது அதைக் கழற்றிக்கொண்டு நிற்பார்கள். 'காற்றடைப்பு' என்றால் அந்தக் குழப்பம் இல்லை.

*

காற்றடைப்பு என்றால் குழாயில் ஏதோ அடைத்துக்கொண்ட கோளாறு மாதிரி இருக்கிறதே. 'காற்றடைப்பி' என்று இகர ஈறு கொடுங்கள், கருவிப் பெயராகிவிடும்.

*

அனைவருக்கும் நன்றி. நேரமாகிவிட்டது. முதல் இடத்தில் 'காற்றடைப்பி, அதாவது சோக்கு' என்றும், பிறகு காற்றடைப்பி என்றும் போடுகிறேன். கோவை ஐயா அரைமனதாகச் சம்மதித்திருக்கிறார். அதை இயக்கும் நெம்புகோலின் படத்தையும் சேர்த்திருக்கிறேன்.

*

படம் நல்லது. சொல்லை நான் ஏற்கவில்லை. மிடற்றை விட்டாலும் வளியை விடக்கூடாது. 'வளியடைப்பி' என்பதில் யாருக்கு என்ன புரியாமல் போகும்? என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அடுத்து திராட்டிலுக்குச் சொல் தேடும்போது இங்கிருந்தே தொடங்குவேன்.