ஐ.பி.பி.எஸ் கிளார்க்: மற்ற இரண்டிலும் தேறுகிறேன், இங்கிலீஷ் மட்டும் காலை வாருகிறது

விழுப்புரம்_தேர்வர்:

வணக்கம். பி.எஸ்ஸி கணிதம், தமிழ் வழி. இதுவரை குரூப் 4-க்குத்தான் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் சொன்னார்கள் என்று இப்போது அரசு வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் ஐ.பி.பி.எஸ் கிளார்க் தேர்விலும் இறங்கியிருக்கிறேன். ரீசனிங், நியூமெரிக்கல் இரண்டிலும் பயமில்லை. இரண்டும் தலா 35 கேள்வி, மாக் டெஸ்டில் (மாதிரித் தேர்வு) 25-க்குக் கீழே போவதில்லை.

இங்கிலீஷ்தான் பிரச்சினை. 30 கேள்வி, 20 நிமிடம். போன ஞாயிறு போட்ட மாக்கில் எல்லாக் கேள்வியையும் தொட்டேன். சரி 11, தப்பு 19. மைனஸ் மார்க் போக கையில் நின்றது ஆறே கால்.

படிக்காமல் இல்லை. பயிற்சி மையத்தில் நூறு ரூல் என்று ஒரு நோட்டு கொடுத்தார்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் எரர் ஸ்பாட்டிங், அதாவது தப்பைக் கண்டுபிடிக்கச் சொல்லும் வாக்கியம் முன்னால் வந்தால் எந்த ரூல் எங்கே பொருந்தும் என்று பிடிபடவில்லை. எல்லாமே சரி மாதிரிதான் தெரிகிறது. பாஸேஜ் அதைவிட மோசம், மூன்றாவது பத்தி வருவதற்குள் முதல் பத்தி மறந்துவிடுகிறது. தினமும் இந்து எடிட்டோரியல் படி என்கிறார்கள். டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு படித்தால் ஒன்றுக்கே விடியற்காலை நேரம் முழுக்கப் போய்விடுகிறது. பகலில் அப்பாவின் உரக்கடையில் உட்கார வேண்டும்.

தமிழ் வழியில் படித்து இந்தப் பகுதியைத் தாண்டியவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள்.

நாமக்கல்_நண்பன்:

சகோ, இங்கிலீஷ் இவ்வளவு படுத்தினால் ஆர்.ஆர்.பி (கிராம வங்கி) ஆபீஸ் அசிஸ்டென்ட்டும் சேர்த்து எழுதுங்கள். அதில் முதல் கட்டமான பிரிலிம்ஸில் இங்கிலீஷே கிடையாது. ரீசனிங் 40, நியூமெரிக்கல் 40, மொத்தம் 45 நிமிடம். நம் பக்கம் தமிழ்நாடு கிராம வங்கிக்கு ஆள் எடுப்பது அந்தத் தேர்வு வழியாகத்தான். எஸ்.பி.ஐ கிளார்க் பிரிலிம்ஸில் இங்கிலீஷ் உண்டு, ஆனால் பகுதிக்குத் தனித்தனி கட்ஆஃப் (தேற வேண்டிய குறைந்தபட்ச மார்க்) இல்லை, மொத்த மார்க்தான். மேத்ஸ்காரர் நீங்கள், அங்கேயும் சமாளித்துவிடலாம்.

கவுன்ட்டர்_மூன்று:

நாமக்கல் தம்பி சொன்னது சரிதான், ஆனால் பாதி வழிக்குத்தான். ஆர்.ஆர்.பி-யின் அடுத்த கட்டமான மெயின்ஸில் 40 மார்க்குக்கு இங்கிலீஷ் அல்லது இந்தி என்று வந்து நிற்கும். இந்தி தெரியாத நமக்கு அங்கே வேறு வழி ஏது? ஐ.பி.பி.எஸ்ஸில் ஒவ்வொரு பகுதிக்கும் தனி கட்ஆஃப் இருக்கிறது. மற்ற இரண்டிலும் 35-க்கு 35 வாங்கினாலும் இங்கிலீஷில் விழுந்தால் விழுந்ததுதான். அதனால் இதை எதிர்கொள்வதே நல்லது.

நானும் பிளஸ் டூ வரை தமிழ் வழி, ஊர் துறையூர்ப் பக்கம். இப்போது ஒரு வங்கிக் கிளையில் கிளார்க். நாலு மணிக்கு மேல் கேஷ் டேலி ஆகிவிட்டால்தான் இப்படி உட்கார்ந்து எழுத நேரம் கிடைக்கும், பதில் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குரூப் 4-க்குப் படித்தவர் என்கிறீர்கள். அப்படியானால் எழுவாய், பயனிலை, பெயரெச்சம், வேற்றுமை உருபு எல்லாம் உங்களுக்கு அத்துப்படி. அந்தச் சரக்கை ஏன் மூட்டை கட்டி வைத்துவிட்டு நூறு ரூலைத் தூக்கிச் சுமக்கிறீர்கள்? வங்கித் தேர்வில் வரும் எரர்களில் பெரும்பங்கு தமிழ் இலக்கணம் தெரிந்தவர் கண்ணில் உடனே பட வேண்டிய சமாச்சாரம்.

ஒரு வாக்கியம் பார்ப்போம். நாலு துண்டாக வரும்:

தி ஹைக் இன் தி ப்ரைஸஸ் ஆஃப் வெஜிடபிள்ஸ் / ஹாவ் அஃபெக்டட் / தி பட்ஜெட் ஆஃப் / மெனி ஹவுஸ்ஹோல்ட்ஸ்.

வேகமாகப் படித்தால் 'வெஜிடபிள்ஸ் ஹாவ்' என்று காதுக்கு நன்றாகவே இருக்கும். இதையே தமிழில் சொல்லுங்கள்: காய்கறிகளின் விலையில் ஏற்பட்ட உயர்வு பல வீடுகளின் பட்ஜெட்டைப் பாதித்திருக்கிறது. எது பாதித்தது? உயர்வு. ஒருமை. தமிழில் காய்கறி, விலை என்ற அடைமொழிச் சங்கதி எல்லாம் எழுவாய்க்கு முன்னாலேயே வந்து போய்விடும். அதனால் எது எழுவாய் என்பதில் நமக்குக் குழப்பமே வராது. இங்கிலீஷில் எழுவாயை முதலில் வைத்துவிட்டு அடைமொழியைப் பின்னால் தொங்க விடுகிறார்கள். வினைச்சொல் வரும்போது அதன் பக்கத்தில் நிற்பது எழுவாயாக இருக்காது, வால் பகுதியில் இருக்கும் ஏதோ ஒரு பெயர்ச்சொல்லாக இருக்கும். கேள்வி எடுப்பவர் பொறி வைப்பது அந்த இடத்தில்தான். ஆகவே முதல் வேலை, 'ஆஃப்', 'இன்', 'ஹூ', 'விச்' இவற்றில் தொடங்கும் துண்டுகளை மனதுக்குள் அடைப்புக்குள் போட்டுவிடுவது. மிச்சம் நிற்பது 'தி ஹைக் ஹாஸ் அஃபெக்டட்'. முடிந்தது.

'நேற்று வந்த பையன்' என்று நாம் பெயரெச்சத்தை முன்னால் வைப்பதை அவர்கள் 'தி பாய் ஹூ கேம் எஸ்டர்டே' என்று பின்னால் வைக்கிறார்கள். நீளமான பாஸேஜ் வாக்கியங்கள் புரியாமல் போவதற்கும் காரணம் இதுவேதான். ஒரே வாக்கியத்தில் இரண்டு 'விச்' வந்தாலே நமக்கு மூச்சு முட்டுகிறது. எழுவாயையும் பயனிலையையும் பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது வேற்றுமை. ப்ரிபொசிஷன் தப்புகள் பாதி, நம் உருபை அப்படியே அங்கே கொண்டுபோய் ஒட்டுவதால் வருபவை. 'சென்னைக்குப் போய்ச் சேர்ந்தேன்' என்பதில் நமக்கு 'கு' வேண்டும், அதனால் 'ரீச்ட் டு சென்னை' சரி போலவே இருக்கும். அங்கே 'டு' கூடாது. எதையாவது 'பற்றி' விவாதித்தோம் என்பதால் 'டிஸ்கஸ்ட் அபௌட்' என்று கை போகும். 'அபௌட்' கூடாது. 'அவரோடு கல்யாணம்' என்பதால் 'மேரீட் வித்' வரும், 'மேரீட் டு' என்பதே சரி. என்னை 'விட' சீனியர் என்பதால் 'சீனியர் தான் மீ' எழுதுவோம், 'சீனியர் டு மீ' வேண்டும். இப்படி நம் உருபு இழுத்துக்கொண்டு போகும் இடங்களுக்கு மட்டும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மாக்கில் சிக்குவதை அதில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். அச்சடித்த நோட்டில் இந்தப் பட்டியல் இருக்காது. அது எல்லா ஊர்க்காரருக்கும் பொதுவாகப் போட்டது.

டென்ஸில் நமக்கு உதைக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். 'ஐந்து வருடமாக இங்கே வேலை பார்க்கிறேன்' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதை அவர்கள் 'ஹாவ் பீன் வொர்க்கிங்' என்பார்கள். வாக்கியத்தில் 'ஸின்ஸ் 2019' அல்லது 'ஃபார் ஃபைவ் இயர்ஸ்' கண்ணில் பட்டால் உடனே வினைச்சொல்லைப் போய்ப் பாருங்கள். 'எ', 'ஆன்', 'தி' என்ற ஆர்ட்டிக்கிளுக்கு நம்மிடம் ஈடு இல்லை, அது படித்துப் படித்துத்தான் வரும், அதற்காக இப்போது மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் அந்த 19 தப்பு. இது இங்கிலீஷ் தெரியாததால் மட்டும் வந்ததில்லை, டி.என்.பி.எஸ்.சி பழக்கம். அங்கே மைனஸ் கிடையாது, எதையும் விடாமல் ஷேட் செய்து பழகிவிட்டீர்கள். இங்கே நாலு தப்புக்கு ஒரு மார்க் போகும். உங்கள் 11 சரியோடு தப்பு ஏழாக இருந்திருந்தால் கையில் ஒன்பதே கால் நின்றிருக்கும். மூன்று மார்க் என்பது கட்ஆஃப் பக்கத்தில் பெரிய விஷயம். இரண்டு விடைக்கு நடுவே ஊசலாடினால் போடுங்கள், எல்லாமே ஒரே மாதிரி தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

விழுப்புரம்_தேர்வர்:

அக்கா, ரொம்ப நன்றி. அடைப்புக்குள் போடும் வேலையை நேற்று ராத்திரி பழைய மாக்கில் செய்து பார்த்தேன். எரர் ஸ்பாட்டிங்கில் கொஞ்சம் வெளிச்சம் தெரிகிறது. ஆனால் ஒன்றில் மாட்டிக்கொண்டேன்: 'நய்தர் தி மேனேஜர் நார் தி கிளார்க்ஸ் வாஸ் அவேர் ஆஃப் தி சர்குலர்.' இங்கே எழுவாயே இரண்டு இருக்கிறதே? 'அலாங் வித்' வந்தாலும் இதே குழப்பம்தான். அப்புறம் வொகாபுலரிக்கு தினம் 20 வார்த்தை எழுதிப் படிக்கிறேன், அடுத்த வாரம் பார்த்தால் பாதி நினைவில் இல்லை.

மாலை_வகுப்பு:

நான் கல்லூரியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பவன். வொகாபுலரிக்கு மட்டும் பதில் சொல்கிறேன், இலக்கணத்தை அந்த அம்மா நன்றாகவே பார்த்துக்கொள்கிறார்.

தனி வார்த்தைப் பட்டியலை நிறுத்திவிடுங்கள் தம்பி. எடிட்டோரியலையும் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். அது கருத்துச் சொல்லும் எழுத்து, சுற்றி வளைத்துத்தான் போகும். அதே பேப்பரின் பிசினஸ் பக்கத்துக்குப் போங்கள். ரிசர்வ் வங்கி ரெப்போ ரேட்டை (அது வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனின் வட்டி) மாற்றினால் வரும் செய்தியைப் படியுங்கள். 'ஹைக்', 'கர்ப்', 'ஸர்ஜ்', 'ஸ்லம்ப்', 'ஈஸ்', 'ப்ரூடென்ட்' எல்லாம் திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு தடவையும் ஒரு வாக்கியத்தோடு வரும். உங்களுக்கு வசதி ஒன்று உண்டு, உரக்கடை. மானியம், யூரியா இறக்குமதி, பருவமழை பற்றிய செய்திகளில் விஷயம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். விஷயம் தெரிந்த இடத்தில் தெரியாத வார்த்தை தானே பொருள் காட்டும். முதல் வாசிப்பில் டிக்‌ஷனரியைத் தொடக் கூடாது. முடித்த பிறகு, இது புரியாததால் செய்தியே புரியவில்லை என்று தோன்றும் வார்த்தையை மட்டும் தேடுங்கள். ஒரு செய்திக்கு மூன்று நாலுக்கு மேல் வராது.

பத்தி மறந்துபோகிறது என்றீர்களே, ஒவ்வொரு பத்தி முடிந்ததும் அதன் சாரத்தைத் தமிழிலேயே ஒரு வரியில் மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். இங்கிலீஷில்தான் சிந்திக்க வேண்டும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். கேள்வி, பாஸேஜ் என்ன சொல்கிறது என்பதுதான், அதை எந்த மொழியில் விளங்கிக்கொண்டீர்கள் என்று யாரும் கேட்கப் போவதில்லை.

கவுன்ட்டர்_மூன்று:

சார் சொன்ன உரக்கடை யோசனை அருமை.

தம்பி, 'அலாங் வித்' சங்கதிக்கு மறுபடியும் தமிழுக்கே வாருங்கள். 'மேனேஜரும் கிளார்க்குகளும் வந்தார்கள்', இதில் 'உம்' இருக்கிறது, இருவரும் எழுவாய், பன்மை. அது 'ஆண்ட்'. 'மேனேஜர் கிளார்க்குகளோடு வந்தார்', இதில் 'ஓடு' ஏறியதும் கிளார்க்குகள் எழுவாய் பதவியை இழந்துவிட்டார்கள், வினை மேனேஜரைத்தான் பார்க்கும். 'அலாங் வித்', 'டுகெதர் வித்' எல்லாம் இந்த 'ஓடு' ஜாதி. 'ஆஸ் வெல் ஆஸ்' மட்டும் ஏமாற்றும். பொருளில் 'உம்' மாதிரி இருக்கும், இலக்கணத்தில் 'ஓடு' கூட்டத்தோடு சேரும். முதலில் நிற்பது ஒருமை என்றால் தேர்வில் ஒருமைதான் எதிர்பார்ப்பார்கள்.

'நய்தர் நார்' விஷயத்தில் தமிழ் கை கொடுக்காது. 'மேனேஜருக்கோ கிளார்க்குகளுக்கோ தெரியவில்லை' என்கிறோம், அங்கே வினை யாரையும் சுட்டுவதில்லை. இதற்கு உங்கள் நூறு ரூல் நோட்டுதான்: வினைக்குப் பக்கத்தில் எது நிற்கிறதோ அதைப் பார். பக்கத்தில் நிற்பது 'கிளார்க்ஸ்', ஆகவே 'வேர்'. 'நோ ஸூனர்' வந்தால் 'தான்', 'ஹார்ட்லி' வந்தால் 'வென்', 'லெஸ்ட்' வந்தால் 'ஷுட்', இந்த ஜோடிகளையும் மனப்பாடம்தான் செய்ய வேண்டும். நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், தமிழ் காப்பாற்றாத ரூல்களை மட்டும் அதில் அடிக்கோடிட்டு வையுங்கள். பத்துப் பக்கம் நாலு பக்கமாகக் குறையும்.

20 நிமிடத்தை எப்படிப் பிரிப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஃபில்லர் (வாக்கியத்தில் கோடிட்ட இடம் நிரப்புவது), எரர் ஸ்பாட்டிங் முதலில். பிறகு க்ளோஸ் டெஸ்ட் (ஒரு பத்தி முழுக்க விடுபட்ட வார்த்தைகளை நிரப்புவது). பாஸேஜுக்கு முன்னால் அதன் கீழுள்ள வார்த்தைக் கேள்விகளைப் பாருங்கள், அந்த வரியை மட்டும் படித்தே சினோனிம், ஆன்டனிம் போட்டுவிடலாம். கலைந்த வாக்கியங்களை வரிசைப்படுத்தும் பாரா ஜம்பிள் கடைசி. அதிலும் 'ஹி', 'திஸ்', 'ஹௌவெவர்' என்று முன்னால் எதையோ சுட்டித் தொடங்கும் வாக்கியம் முதல் வாக்கியமாக இருக்க வாய்ப்புக் குறைவு. அதைக் கழித்துவிட்டுத் தேடினால் இரண்டில் ஒன்று என்ற நிலைக்கு வந்துவிடலாம். 20 நிமிடம் ஆனதும் கம்ப்யூட்டர் தானாகவே அடுத்த பகுதிக்குப் போய்விடும், திரும்பி வர முடியாது. அதனால் மாக்கையும் செல்போனில் இடையிடையே நிறுத்தி நிறுத்திப் போடாமல், கடை மூடிய பிறகு ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து போடுங்கள். அடுத்த மாக்கில் தப்பான எரர் வாக்கியங்களை இங்கேயே போடுங்கள், பார்க்கலாம்.