எம்டி0 எங்கே போனது? ரெய்டு டிஸ்க் மாற்றிய பிறகு பூட் ஆகவில்லை

ஆல்பம்கடை:
அண்ணன் ஸ்டுடியோவில் இருக்கும் டெபியன் (லினக்ஸ்) மெஷின். 1 டிபி டிஸ்க் இரண்டு, ரெய்டு 1 (இரண்டிலும் ஒரே தரவு). அதில் ஒன்று கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்ததால் இரண்டையுமே மாற்றிவிடலாம் என்று இறங்கினேன். முதலில் ஒரு புது டிஸ்க். மறுபக்கத்தை 'மிஸ்ஸிங்' என்று கொடுத்துப் புதிதாக அரே (ரெய்டு டிஸ்க் தொகுப்பு) உருவாக்கி, ஆர்சிங்க்கில் (நகலெடுக்கும் கருவி) எல்லாவற்றையும் ஏற்றினேன். லைவ் பென்டிரைவிலிருந்து சிரூட் போய் (அந்தச் சிஸ்டத்துக்குள் நுழைந்து) அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் (பூட் இமேஜ் கட்டுவது), கிரப்-இன்ஸ்டால் (பூட் லோடர் போடுவது) இரண்டையும் ஓட்டினேன். ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை.

ரீபூட் செய்தால் "/டெவ்/எம்டி0 இல்லை" (அரேயின் பெயர் அது) என்று சொல்லி பிஸிபாக்ஸில் (அவசரத்துக்கான கட்டளைத் திரை) நிற்கிறது. எம்டிஸ்டாட்டில் (ரெய்டு நிலவரம் காட்டும் கோப்பு) அரே உயிரோடுதான் இருக்கிறது, ஆனால் பெயர் எம்டி127! 127 என்று நான் எங்கேயும் வைக்கவே இல்லையே? நாளைக் காலை கல்யாண ஆல்பம் டெலிவரி. அண்ணன் பின்னாலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

ராத்திரிஷிஃப்ட்:
ரெய்டு அமைப்புகள் இருக்கும் எம்டிஅட்ம்.கான்ஃப் கோப்பில், அரே வரியில் எந்த யூயூஐடி (அடையாள எண்)? பழையதுதானே?

ஆல்பம்கடை:
ஐயோ, ஆமாம். ஆர்சிங்க்கில் அதுவும் சேர்ந்து வந்துவிட்டது.

ராத்திரிஷிஃப்ட்:
அதுதான். புது அரே என்றால் புது யூயூஐடி. கான்ஃப் கோப்பின் நகல் ஒன்று பூட் இமேஜுக்குள்ளும் போகும். அதில் இல்லாத அரேயை அந்நியன் என்று எடுத்துக்கொண்டு 127 என்று பெயர் வைத்துவிடும். கோப்பில் அரே வரியே இல்லையென்றால் டெபியன் எச்சரிக்கும். உங்களிடம் ஒரு வரி இருந்ததால் பேசாமல் இருந்திருக்கிறது.

இப்போதைக்கு அதே பிஸிபாக்ஸில் எம்டி127ஐ ஸ்டாப் செய்யுங்கள். அசெம்பிள் கட்டளையை எம்டி0 என்ற பெயரோடு, டிஸ்க் பார்ட்டிஷனையும் சொல்லிக் கொடுங்கள். பாதி அரே என்பதால் எதற்கும் 'ரன்' சேர்த்துவிடுங்கள். அப்புறம் எக்ஸிட். உள்ளே போனதும் டீடெயில்-ஸ்கேன் தரும் வரியைப் பழைய வரி இருந்த இடத்தில் போட்டு இமேஜைத் திரும்பக் கட்டுங்கள்.

பழையகெர்னல்:
கட்டும்போது '-கே ஆல்' (எல்லாக் கெர்னலுக்கும்) சேருங்கள். வெறும் '-யு' கடைசிக் கெர்னலை மட்டும்தான் தொடும். எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது அதில்தான்.

இன்னொன்று: கிரப் ஏன் எம்டி0 என்ற பெயரைக் கெர்னலுக்குக் கொடுக்கிறது? வழக்கமாக ஃபைல்சிஸ்டம் யூயூஐடியைத்தான் கொடுக்கும். யாரோ அதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

ஆல்பம்கடை:
அந்த யாரோ நான்தான். மெனுவில் நீளமாக, அசிங்கமாகத் தெரிகிறதே என்று எப்போதோ மாற்றினேன். இப்போது எடுத்துவிட்டு அப்டேட்-கிரப் ஓட்டியாயிற்று.

மெஷின் எழுந்துவிட்டது. இரண்டாவது புது டிஸ்கையும் சேர்த்து அதிலும் கிரப் போட்டுவிட்டேன். சிங்க் 14 சதவீதம், இன்னும் இரண்டரை மணி நேரம் காட்டுகிறது. அண்ணன் காத்திருக்கவில்லை, ஃபோட்டோஷாப் மெஷினுக்கு ஆல்பத்தை இழுக்க ஆரம்பித்துவிட்டார். அதனால் இப்போது நான்கு மணி நேரம் காட்டுகிறது.