பின்தொடை இறுக்கத்துக்கு எந்தச் சிகிச்சை கேட்டது?

நாள் முழுக்க நாற்காலி, சாயங்காலம் ஓட்டம். ஷூ லேஸ் கட்டக் குனிந்தாலே முழங்காலுக்குப் பின்னால் சுருக்கென்று பிடிக்கும் எனக்கு. இரண்டு வகைச் சிகிச்சை எடுத்திருக்கிறேன்.

முதலில் ஆழமான மசாஜ். உட்காரும் எலும்பிலிருந்து முழங்கால் வரை முழங்கையால் அழுத்தி மெதுவாக இழுத்துவிட்டார்கள். இறங்கி நடந்தபோது கால் லேசாக இருந்தது. மறுநாள் காலை பழையபடி பிடிப்பு. உடம்பு வலிக்கு நல்லது, அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்பது என் கருத்து.

அப்புறம் ஒரு பிசியோவிடம் போனேன். மல்லாக்கப் படுக்க வைத்து, காலைத் தூக்கித் தன் தோளில் தாங்கி, இழுப்பு தொடங்கும் இடத்தில் நிறுத்தினார். "குதிகாலால் என் தோளை அழுத்துங்க. முழு பலம் வேண்டாம், கால்வாசி போதும்." பத்து எண்ணும் வரை அழுத்தினேன். "சரி, மூச்சை விட்டுத் தளர்த்துங்க." தளர்த்தியதும் காலை இன்னும் மேலே கொண்டுபோனார். சற்றுமுன் பிடித்த இடத்தில் இப்போது பிடிப்பே இல்லை! இப்படியே நாலைந்து முறை. அந்தச் சில நிமிடங்களில் தசை நீண்டுவிடுவதில்லையாம், இழுப்பைத் தாங்கும் எல்லைதான் தள்ளிப்போகிறதாம். அதனால் வீட்டிலும் துண்டைப் பாதத்தில் மாட்டி இதையே செய்யச் சொன்னார். செய்கிறேன், நல்ல பலன்.

*

மேலே எழுதியவர் மாதிரி இல்லை, எனக்குக் காலை நீட்டித் தூக்கினாலே தாங்காது. நியூசிலாந்து பிசியோ பிரையன் மல்லிகன் உருவாக்கிய முறையில் முழங்காலை மடக்கியபடியே காலைத் தோளில் தாங்கி, லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு மேலே கொண்டுபோனார்கள். வலியே இல்லாமல் உயர்ந்தது. நீட்டிச் செய்யப் பயப்படுகிறவர்கள் இதைக் கேட்டுப் பாருங்கள்.

*

மேலே எழுதிய இருவருக்கும் நன்றி. என் அனுபவம் வேறு மாதிரி. ஒரு மசாஜ் நிலையத்தில் பின்தொடையை அழுத்த அழுத்த வலி கூடிக்கொண்டே போனது. விடாமல் இன்னும் அழுத்தினார்கள். ராத்திரி தூக்கமே இல்லை.

அடுத்துப் பார்த்த பிசியோ மேசை ஓரத்தில் உட்கார வைத்தார். முதுகை வளைத்து, தலையைக் குனிந்து, காலை நீட்டச் சொன்னார். பின்தொடை விண்ணென்று இழுத்தது. "கால் அப்படியே இருக்கட்டும், தலையை மட்டும் நிமிருங்க" என்றார். நிமிர்ந்ததும் இழுப்பு குறைந்துவிட்டது. பின்தொடைத் தசை உட்காரும் எலும்பிலேயே முடிந்துவிடுகிறது, கழுத்து அசைந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. மூளையிலிருந்து கால் வரை தொடர்ச்சியாக ஓடுவது நரம்புதான். எனக்கு இழுத்தது சயாட்டிக் நரம்பு, அதாவது இடுப்பிலிருந்து பின்தொடை வழியாகக் காலுக்கு இறங்கும் பெரிய நரம்பு. அழுத்தத்தை நிறுத்திவிட்டு, நரம்பை மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்தும் பயிற்சி கொடுத்தார். அது அடங்கிய பிறகுதான் பின்தொடைக்கு வலுவூட்டும் பயிற்சி தொடங்கினோம்.

இடுப்பிலிருந்து கால்வரை வலி இறங்கினாலோ, பாதம் மரத்தாலோ, யாரையும் அழுத்த விடுவதற்கு முன் இந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.